கடல் புவியறிவியல் படிக்கலாமா? படிச்சவங்க, வேலைல இருக்கறவங்க கொஞ்சம் சொல்லுங்க

கேள்விக்குறி19:

எல்லாருக்கும் வணக்கம். ஸ்கூல் முடிக்கப் போறேன், அடுத்து என்ன படிக்கறதுன்னு தேடிட்டு இருக்கேன். மேத்ஸ் ஓரளவு நல்லா வரும், பிசிக்ஸ் பிடிக்கும், மேப் பாக்கறதுன்னா சின்ன வயசுல இருந்தே உயிர். முதல்ல மரைன் பயாலஜி தான் நெனச்சேன், ஆனா எனக்கு மீனு, பவளம் இதெல்லாம் விட அதுக்கு அடியில இருக்கற தரை எப்படி வந்துச்சுங்கறது தான் மண்டைல ஓடிட்டே இருக்கு. அப்ப தான் மரைன் ஜியோசயின்ஸ், கடல் புவியறிவியல்னு தனியா ஒரு படிப்பே இருக்குன்னு தெரிஞ்சுது. வீட்ல சொன்னா "அத படிச்சிட்டு எங்க போய் நிப்ப?"ன்னு கேக்கறாங்க, எனக்கும் பதில் சொல்லத் தெரியல.

என்ன தான் சொல்லிக் குடுப்பாங்க? வேலை நெஜமாவே இருக்கா? வருஷம் பூரா கப்பல்லயே கெடக்கணுமா? டிகிரியே இதுல பண்ணணுமா, இல்ல சாதா ஜியாலஜி முடிச்சிட்டு அப்புறம் இந்தப் பக்கம் வரலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

நங்கூரம்:

தம்பி, நான் பதினாலு வருஷமா கடலடி சர்வேல இருக்கேன், அந்தப் பக்கத்த மட்டும் சொல்றேன். ஒண்ண மொதல்ல மனசுல வாங்கிக்கோ, நிலத்துல ஜியாலஜி படிக்கறவன் பாறைகிட்ட நடந்து போய் சுத்தியலால தட்டிப் பாப்பான், நமக்கு அந்தக் குடுப்பினை கிடையாது. வெளிச்சம் தண்ணிக்குள்ள எரநூறு மீட்டர் போறதுக்குள்ளயே கிட்டத்தட்ட செத்துடும், அதனால நமக்குக் கண்ணு, கை எல்லாமே சத்தம் தான். கப்பலுக்கு அடியில மல்டிபீம்னு ஒரு கருவி இருக்கும், நூத்துக்கணக்கான கதிரா விசிறி மாதிரி சத்தத்த அனுப்பும், அது தரைல பட்டுத் திரும்பி வர்ற நேரத்த வச்சு ஆழம் கணக்காகும். தரைக்கு மேல என்ன கெடக்குன்னு பாக்க சைடு ஸ்கேன் சோனார், தரைக்குக் கீழ மண்ணு எத்தன அடுக்குன்னு பாக்க சப் பாட்டம் ப்ரொஃபைலர், இன்னும் ஆழமா போகணும்னா சைஸ்மிக், அதாவது பலமான சத்தத்த அனுப்பி அடியில இருக்கற அடுக்குல இருந்து வர்ற எதிரொலியப் பாக்கறது.

கேக்க ஈசியா இருக்கும் ஆனா சத்தம் தண்ணில செகண்டுக்கு சுமார் 1500 மீட்டர் போகும்ங்கறது சும்மா தோராயம் தான், சூடு மாறினா மாறும், உப்பு மாறினா மாறும், ஆழம் மாறினா மாறும். நான் சேந்த புதுசுல ஒரு நைட் ஷிஃப்ட்ல ஸ்க்ரீன்ல தரை ரெண்டு ஓரமும் மேல வளைஞ்சு பெரிய வாய்க்கா மாதிரி தெரிஞ்சுது, பழைய ஆத்துப் படுகை கெடச்சிருச்சுன்னு நான் ஓடிப் போய் சீனியர எழுப்பிட்டேன். அவர் வந்து ஒரே கேள்வி தான் கேட்டாரு, "கடைசியா சவுண்ட் வெலாசிட்டி எப்ப எடுத்தீங்க?". சாயங்காலம் மழை பேஞ்சு ஆத்துத் தண்ணி கடல் மேல பரவியிருந்துச்சு, மேலாக உப்பு கொறஞ்சு போச்சு, சத்தம் வளைஞ்சு வருது, தரை மட்டமா தான் இருக்கு. காலேஜ்ல படிச்ச ஒளிவிலகல் பாடம் அன்னிக்குத் தான் எனக்குப் புரிஞ்சுது. அதனால சொல்றேன், இந்தப் படிப்புல பிசிக்ஸ் ஒரு ஓரமா வர்ற சமாச்சாரம் இல்ல, நீ பாக்கறது நெஜமா இல்ல கருவியோட பொய்யான்னு பிரிச்சுச் சொல்றதே அது தான்.

வெண்சங்கு:

நங்கூரம் அண்ணா சத்தத்தப் பத்தி சொல்லிட்டார், நான் சேறு பத்தி சொல்றேன், என் பொழப்பே அது தான். ஆழ்கடல்ல ஆயிரம் வருஷத்துக்கு சில சென்டிமீட்டர் தான் மண்ணு படியும், சில எடத்துல அதவிடக் கம்மி. அதுக்குள்ள நீளமா ஒரு குழாய எறக்கி அப்படியே உருவி எடுத்தா அது தான் கோர். பத்து மீட்டர் கோர் ஒண்ணு கைல இருந்தா லட்சக்கணக்கான வருஷம் கைல இருக்கற மாதிரி. அத நீளவாக்குல ரெண்டா வெட்டித் தொறக்கற அந்த நிமிஷம் இருக்கே, எத்தன தடவ பாத்தாலும் எனக்கு இன்னும் மயிர்க்கூச்செரியும், ஏன்னா அந்தச் சேத்த வெளிச்சத்துல பாக்கற மொத ஆள் நம்ம தான்.

அதுல ஃபொராமினிஃபெரான்னு மணல் மணியளவு ஓடு இருக்கற நுண்ணுயிர் இருக்கும், அந்த ஓட்டுல இருக்கற ஆக்சிஜன் ஐசோடோப்ப (எடை மட்டும் வேறயா இருக்கற ஆக்சிஜன் அணு) அளந்தா அப்ப கடல் எவ்வளவு சூடா இருந்துச்சு, நிலத்துல எவ்வளவு பனி இருந்துச்சுன்னு கணக்கு போடலாம். பனியுகம் வந்து வந்து போனதுக்கும் பூமியோட சுற்றுப்பாதை மாறறதுக்கும் தொடர்பு இருக்குன்னு 1976ல ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் மூணு பேரும் காட்டினது இந்த மாதிரி கடல் சேத்த வச்சுத் தான். 1970ல க்ளோமர் சேலஞ்சர் கப்பல் மத்தியதரைக் கடல்ல துளை போட்டப்ப அடியில உப்பும் ஜிப்சமும் வந்துச்சு, அதாவது சுமார் அறுபது லட்சம் வருஷத்துக்கு முன்னாடி அந்தக் கடலோட வாசல் அடைபட்டு தண்ணி பெருமளவு வத்திப் போயிருக்கு. ஒரு கடலே வத்தின கதைய ஒரு முழம் உப்பு சொல்லுது, இதப் படிக்காம வேற என்னத்தப் படிக்கறது.

என்ன சொல்லிக் குடுப்பாங்கன்னா, மொத வருஷம் பெரும்பாலும் மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கனிமம், பாறை, அப்புறம் நிலத்துலயே மலை ஏறி மேப்பிங். இதுல நெறைய பேரு சோர்ந்துடுவாங்க, கடல்னு சொல்லிட்டு மலைல சுத்த விடறாங்களேன்னு. ஆனா இன்னிக்கு மலையா நிக்கறதுல பாதி ஒரு காலத்துல கடலடியா இருந்தது தான், அதக் கையால தொட்டவனுக்குத் தான் ஸ்க்ரீன்ல தெரியற கோடு என்னன்னு பிடிபடும். ரெண்டாவது வருஷம் படிவியல், தட்டு நகர்வு, ஜியோபிசிக்ஸ், கடலோட நீரோட்டம். கடைசில படகுல ட்ரெய்னிங், ஒரு ப்ராஜெக்ட். பாடத்திட்டத்துல படகு எத்தன நாள்னு தேடிப் பாத்துட்டு சேருங்க, சில எடத்துல பேருல மட்டும் தான் கடல் இருக்கும்.

பாறைப்பித்தன்:

எல்லாரும் நல்லதா சொல்லிட்டு இருக்கீங்க, தம்பி கேட்ட கடைசி கேள்விக்கு யாரும் வரல. என் கருத்து, டிகிரில இவ்வளவு சின்ன வட்டத்துக்குள்ள போகாத. ஜியாலஜி இல்லனா ஜியோபிசிக்ஸ் எடு, கூட ப்ரோக்ராமிங் கத்துக்கோ, மாஸ்டர்ஸ்ல கடல் பக்கம் வா. கதவு அப்பவும் தொறந்து தான் இருக்கும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா நான் அடிபட்டவன். எண்ணெய் தேடற சைஸ்மிக் கப்பல்ல வேலை செஞ்சேன், நல்ல சம்பளம், 2014ல எண்ணெய் வெல விழ ஆரம்பிச்சுது, அடுத்த ரெண்டு வருஷத்துல கப்பல் கப்பலா கட்டி நிறுத்திட்டாங்க, நான் இருந்த கம்பெனில எங்க டீம்ல பாதிப் பேர ஒரே வாரத்துல அனுப்பிட்டாங்க. என்கூட இருந்ததுல பொதுவா ஜியோபிசிக்ஸ் படிச்சவங்க நிலத்தடி நீர், சுரங்கம், ரயில் பாதைன்னு சீக்கிரம் மாறிட்டாங்க, கடலுக்குன்னே படிச்சவங்க தவிச்சாங்க. நான் மீண்டு வர ஒண்ணரை வருஷம் ஆச்சு. வீட்ல கேக்கற கேள்விய லேசா நெனைக்காத தம்பி.

நங்கூரம்:

பித்தன் சொல்றதுல அந்த வலி நெஜம், நானும் அந்தக் காலத்துல ஆறு மாசம் சும்மா உக்காந்திருந்தேன். ஆனா முடிவுல எனக்கு ஒப்புதல் இல்ல. தவிச்சது கடல் படிச்சதால இல்ல, ஒரே ஒரு தொழிலுக்கு மட்டும் டேட்டா பாத்ததால. அதே சப் பாட்டம், அதே சைஸ்மிக் தெரிஞ்சவங்கள தான் இப்ப காத்தாலைக்காரங்க தேடித் தேடி எடுக்கறாங்க.

காற்றாலைக்காரன்:

என்ன கூப்பிட்ட மாதிரியே இருக்கு. நான் கடல் காத்தாலைக்கு அடித்தளம் போடற எடத்துல மண்ணு பாக்கற ஆளு. 1991ல டென்மார்க்குல விண்டபின்னு பதினோரே டர்பைனோட ஆரம்பிச்ச கதை, இப்ப ஒரு திட்டத்துக்கே நூறு டர்பைன்ங்கறது சாதாரணம். ஒவ்வொண்ணுக்கும் அடியில ராட்சசக் குழாய் ஒண்ண தரைக்குள்ள அடிச்சு எறக்கணும். அந்த எடத்துல பனியாறு விட்டுட்டுப் போன பாறாங்கல் இருக்கா, பழைய ஆத்துக் கால்வாய் புதைஞ்சு கெடக்கா, மெத்துனு பீட் (மக்கின செடிப் படிவு) இருக்கா, உலகப் போர்ல போட்ட வெடிக்காத குண்டு கெடக்கா, இது எதுவும் தெரியாம அடிச்சா அவ்வளவு தான். அதனால மொதல்ல ஜியோபிசிக்ஸ் சர்வே, அப்புறம் கோன் பெனட்ரேஷன்னு ஒரு கூம்ப தரைக்குள்ள அழுத்தி எவ்வளவு எதிர்ப்பு வருதுன்னு பாக்கறது, போர்ஹோல் போட்டு மண்ணு எடுக்கறது, கடைசில எல்லாத்தயும் கோத்து ஒரு கிரவுண்ட் மாடல். அந்த மாடல் கட்டற ஆளுக்கு ஜியாலஜியும் தெரியணும், இன்ஜினியர்கிட்ட அவன் பாஷைல பேசவும் தெரியணும். அப்படிப்பட்ட ஆளு கெடைக்கறது தான் கஷ்டமா இருக்கு, நான் இன்டர்வ்யூ எடுக்கறவன், அனுபவத்துல சொல்றேன்.

கேபிள் பக்கமும் இருக்கு. கண்டம் விட்டு கண்டம் போற இன்டர்நெட் பெரும்பாலும் கடலடி கேபிள்ல தான் போகுது, அந்தக் கேபிள் எந்த வழியா போகணும்னு பாக்கறது நம்ம ஆளுங்க. 1929ல கனடா பக்கத்துல கிராண்ட் பேங்க்ஸ்ங்கற கடல் பகுதில நிலநடுக்கம் வந்து கடலடிச் சரிவு மண்ணெல்லாம் பெயர்ந்து சேத்து வெள்ளமா ஓடி பன்னெண்டு தந்திக் கேபிள வரிசையா அறுத்துப் போட்டுச்சு. ஒவ்வொண்ணும் எப்ப அறுந்துச்சுங்கற நேரத்த வச்சு அந்த வெள்ளம் என்ன வேகத்துல ஓடுச்சுன்னு பின்னாடி கணக்கு போட்டாங்க. 2022 ஜனவரில பசிபிக் தீவு நாடான டோங்காவுல எரிமலை வெடிச்சப்பவும் கேபிள் அறுந்து ஒரு நாடே வாரக்கணக்குல துண்டிச்சு நின்னுச்சு. ஒரு சரிவ மேப்புல பாத்து "இந்தப் பக்கம் போடாதீங்க"ன்னு ஒரு வரி எழுதறது சின்ன வேலை இல்லீங்க.

இது போக துறைமுகம், தூர்வாரல், கரை அரிப்பு, கார்பன பூமிக்கடியில அடைக்கறது, எல்லாத்துக்கும் ஆள் வேணும். நார்வேக்காரங்க ஸ்லைப்னர்ங்கற கடல் எரிவாயு வயல்ல 1996ல இருந்து வருஷத்துக்கு பத்து லட்சம் டன் அளவுக்கு கார்பன் டை ஆக்சைட கடலடி மணற்பாறைக்குள்ள செலுத்திட்டு வந்தாங்க, அது எங்கயும் கசியலன்னு திரும்பத் திரும்ப சைஸ்மிக் எடுத்துப் பாத்துட்டே இருக்கணும், பித்தன் அண்ணா பாத்த அதே வேலை தான் அது.

தேன்மொழி_அம்மா:

இங்க எழுதலாமான்னு தெரியல, என் பொண்ணும் இதே படிப்பு கேக்கறா. வெண்சங்கு மேடம், ஒரு அம்மாவா கேக்கறேன். கப்பல்ல பொம்பளப் புள்ளைங்க இருக்க முடியுமா? வாந்தி எடுத்துட்டே இருப்பாளே. கல்யாணம், குழந்தைன்னு வந்தா என்ன பண்றது?

வெண்சங்கு:

அம்மா, தாராளமா எழுதுங்க. நடு அட்லாண்டிக் மலைத்தொடருக்கு நடுவுல பிளவுப் பள்ளத்தாக்கு ஒண்ணு ஓடுதுன்னு 1952ல கண்டுபிடிச்சது மேரி தார்ப். பொம்பளைங்க கப்பல்ல ஏறக்கூடாதுன்னு இருந்த காலம், ஆம்பளைங்க கொண்டு வந்த ஆழக் கணக்க மேசைல உக்காந்து வரைஞ்சு வரைஞ்சே அவங்க அதப் பாத்தாங்க, கூட வேலை செஞ்ச ஹீசனே மொதல்ல நம்பல, பொம்பளப் பேச்சுன்னு தள்ளிட்டார். கண்டங்கள் நகருதுங்கறத உலகம் ஏத்துக்கறதுக்கு அந்த மேப் எவ்வளவு பெரிய காரணம்னு இப்ப எல்லாருக்கும் தெரியும். இன்னிக்கு ஆராய்ச்சிக் கப்பல்ல தலைமை விஞ்ஞானியாவே பெண்கள் போறாங்க, நானே நாலு பயணம் போயிருக்கேன்.

ஆனா மறைக்காம சொல்லணும். பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட், நள்ளிரவுல ஆரம்பிச்சு மதியம் முடியும், அப்படி வாரக்கணக்குல. ரெண்டு பேருக்கு ஒரு கேபின். சர்வே கம்பெனி கப்பல்கள்ல சில சமயம் முப்பது நாப்பது பேருல நம்ம ஒருத்தி தான் பொண்ணா இருப்போம். எனக்கு ஒரு பயணத்துல ஒருத்தர் நடந்துகிட்ட விதம் சரியில்ல, புகார் குடுத்தேன், நடவடிக்கை எடுத்தாங்க, ஆனா அடுத்த துறைமுகம் வர்ற வரைக்கும் பதினோரு நாள் அதே சாப்பாட்டு ரூம்ல அந்த ஆளப் பாத்துட்டே இருந்தேன். அது கஷ்டம் தான். உங்க பொண்ணு கப்பல் ஏறும்போது யார்கிட்ட புகார் சொல்லணும்ங்கறத மொத நாளே கேட்டு வச்சுக்கச் சொல்லுங்க.

கடல் மயக்கம் பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு மூணு நாள்ல அடங்கிடும், சிலருக்கு அடங்காது, அவங்களுக்கும் எடம் இருக்கு. சேந்த மொத சில வருஷம் கடல், அப்புறம் டேட்டா ப்ராசசிங், ரிப்போர்ட், மாடலிங்னு கரையேறிடறவங்க தான் அதிகம். என் குழந்தை பிறந்து அஞ்சு வருஷம் நான் கப்பலே ஏறல, ஏற்கனவே எடுத்து வச்ச கோர வச்சே வேலை பாத்தேன். ஆழ்கடல் துளைத் திட்டத்தோட கோர் எல்லாம் ஜெர்மனில ப்ரேமன், அமெரிக்காவுல காலேஜ் ஸ்டேஷன்ங்கற ஊரு, கொச்சி (ஜப்பான்ல இருக்கற கொச்சி) மூணு எடத்துல குளிர்ல பத்திரமா இருக்கு, உலகத்துல எந்த ஆராய்ச்சியாளரும் காரணம் எழுதி சாம்பிள் கேக்கலாம்.

கேள்விக்குறி19:

இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கல, நன்றி. வீட்ல எல்லாத்தயும் படிச்சுக் காட்டினேன், காத்தாலையும் கேபிளும் அப்பாவுக்குப் புரிஞ்சுது. ஒரு சந்தேகம், ஆழ்கடல் சுரங்கம் தான் எதிர்காலம், அதுல தான் வேலை கொட்டப் போகுதுன்னு ஒரு வீடியோல பாத்தேன், நெஜமா?

பாறைப்பித்தன்:

அத நம்பி மட்டும் படிப்ப முடிவு பண்ணாத. க்ளாரியன் க்ளிப்பர்டன்னு பசிபிக்ல ஒரு பரப்பு, நாலாயிரம் மீட்டருக்குக் கீழ உருளைக்கிழங்கு மாதிரி உருண்டை உருண்டையா கெடக்கு, மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் எல்லாம் இருக்கு. சர்வதேசக் கடலடி ஆணையம் 1994ல இருந்து இருக்கு, தேடறதுக்கு உரிமம் குடுத்திருக்காங்க. தேடல் வேலைல நம்ம ஆளுங்க இருக்காங்க, அது உண்மை.

வெண்சங்கு:

அந்த உருண்டை பத்து லட்சம் வருஷத்துக்கு சில மில்லிமீட்டர் தான் வளரும்ங்கறதயும் சேத்து சொல்லுங்க அண்ணா. 1989ல பெரு நாட்டுக்கு அப்பால பசிபிக் கடலடில ஏர் மாதிரி ஒண்ண இழுத்து தரைய உழுது பாத்தாங்க, 2015ல திரும்பப் போய்ப் பாத்தா அந்தத் தடம் அப்படியே இருக்கு, இருபத்தாறு வருஷம் கழிச்சும். எனக்கு இதுல வேலை செய்ய மனசு வரல. ஆனா தோண்டறதுக்கு முன்னாடி அங்க என்ன இருக்குன்னு அளந்து சொல்றதுக்கும் புவியறிவியல் தான் வேணும், அந்த வேலைய நல்லவங்க விட்டுட்டு ஒதுங்கினா யாரு செய்வாங்கன்னும் தோணுது. நீ படிச்சிட்டு நீயே முடிவு பண்ணு தம்பி.

காற்றாலைக்காரன்:

தம்பி, காசு செலவில்லாம இப்பவே ஒண்ணு பண்ணலாம். ஜெப்கோன்னு உலகக் கடலடி ஆழ டேட்டா இலவசமா கெடைக்கும், க்யூஜிஐஎஸ்னு மேப் பாக்கற சாஃப்ட்வேரும் இலவசம். ரெண்டயும் இறக்கி ஒரு எடத்த எடுத்துத் திறந்து பாரு, நிழல் போட்டு, கலர் மாத்தி, கோடு வெட்டி, ஒரு வாரம் வெளையாடு. அலுத்துப் போச்சுன்னா இந்தப் படிப்பு வேணாம், ராத்திரி தூக்கம் போச்சுன்னா சேரு. பைத்தான்ங்கற ப்ரோக்ராமிங் மொழியயும் தொட்டு வை, வேலைக்கு வர்றவங்கள்ல ப்ரோக்ராம் எழுதத் தெரிஞ்சவங்கள நான் தனியா எடுத்து வப்பேன்.

நங்கூரம்:

அதோட, சர்வே பக்கம் வரணும்னா அந்தப் படிப்புக்கு ஹைட்ரோகிராஃபி (கடலாழம் அளக்கற துறை) கேட்டகரி ஏ இல்ல பி அங்கீகாரம் இருக்கான்னு பாரு, அது உலக அளவுல ஏத்துக்கற அங்கீகாரம். மாஸ்டர்ஸ் அளவுல ஜப்பானோட நிப்பான் ஃபவுண்டேஷனும் ஜெப்கோவும் சேந்து 2004ல இருந்து அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்துல ஒரு வருஷப் படிப்பு நடத்தறாங்க, உலகம் பூரா இருந்து ஒவ்வொரு தடவையும் சுமார் ஆறு பேர மட்டும் எடுத்து முழுச் செலவும் அவங்களே பாத்துக்கறாங்க. டிகிரி பேரு கடலா நிலமாங்கறதுல பித்தனுக்கும் எனக்கும் சண்டை ஓயாது, ஆனா ஜியோபிசிக்ஸ் பேப்பரும் படகு நாளும் எதுல ஜாஸ்தியோ அதுல சேருன்னு சொன்னா அவரும் மறுக்க மாட்டார்னு நெனைக்கறேன்.

பாறைப்பித்தன்:

மறுக்கல.

கேள்விக்குறி19:

ஒன்பது நாள் ஆச்சு, தூக்கம் போச்சு அண்ணா. ஒரு விஷயம் புரியல. தென் இந்தியப் பெருங்கடல்ல ஆஸ்திரேலியாவுக்கு மேக்க பாத்துட்டு இருந்தேன், பெரும்பாலும் மங்கலா பஞ்சு மாதிரி இருக்கு, ஆனா நடுவுல நீளமா ஒரு பட்டை மட்டும் கண்ணாடி போட்டுப் பாத்த மாதிரி பளிச்சுன்னு இருக்கு, மலை, செங்குத்துச் சரிவு எல்லாம் தெரியுது. பட்டையோட ஓரம் கத்தில வெட்டின மாதிரி நிக்குது. கடலடி திடீர்னு அப்படி மாறுமா? இல்ல நங்கூரம் அண்ணா சொன்ன மாதிரி கருவியோட பொய்யா?

நங்கூரம்:

நல்ல கேள்வி கேட்ட தம்பி. பொய் இல்ல, அந்தப் பட்டை தான் நெஜம். 2014ல காணாமப் போன எம்.எச். 370 விமானத்தத் தேடினப்ப கப்பல் விட்டு மல்டிபீம்ல அளந்த பரப்பு அது, ரெண்டு லட்சத்து எழுபத்தொன்பதாயிரம் சதுர கிலோமீட்டர். 239 பேர் போன விமானம், அவங்க கெடைக்கல, அவங்களத் தேடப் போய் தான் அந்தத் தரைய மொத தடவையா மனுஷன் இவ்வளவு தெளிவா பாத்தான்.

மங்கலா தெரியறது பெரும்பாலும் யாரும் அளக்காத எடம். கடலடில மலை இருந்தா அதோட ஈர்ப்பு தண்ணிய லேசா தன் பக்கம் இழுத்து கடல் மட்டத்தயே கொஞ்சம் மேடாக்கும், அந்த மேட்ட செயற்கைக்கோள் அளக்கும், அத வச்சு ஊகிச்ச ஆழம் அது. ஜெப்கோ கூடவே டிஐடின்னு இன்னொரு கிரிட் குடுப்பாங்க, எந்தக் கட்டம் அளந்தது, எது ஊகம்னு நம்பர் போட்டிருக்கும். அதயும் இறக்கி மேல போட்டுப் பாரு.

கேள்விக்குறி19:

போட்டுப் பாத்தேன். அளந்ததுக்கு சிவப்பு, ஊகத்துக்கு சாம்பல்னு கலர் வச்சேன். அப்பாவக் கூப்பிட்டு உலகம் முழுசையும் காட்டினேன், கோடு கோடா கப்பல் போன வழி மட்டும் சிவப்பு, மத்ததெல்லாம் சாம்பலா கெடக்கு. எவ்வளவு தான் அளந்திருக்காங்கன்னு கேட்டார், 2025 ஜூன் கணக்குப்படி 27.3 சதவீதம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்தார், அப்புறம் அப்ளிகேஷனுக்குக் கடைசி நாள் என்னிக்குன்னு கேட்டார்.